பெரட்டு இல்லாத ஞாயிறு

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருத்துவமாதாக வந்து பதினெட்டு வருடம்; இங்கே எல்லாருக்கும் நான் மிஸ்ஸி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதில் அதிகம் அகப்பட்டவள் கொழுந்து பறிக்கும் தனுஜா. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் பதுளையில் பயிற்சி கிடைத்த நேரம் பார்த்து, நான் கொடுத்த கருத்தடை மாத்திரையைப் போட்டுக்கொண்டே இரண்டாவது முறை கர்ப்பமானாள். பயிற்சி கைவிட்டுப் போனது. மறதிக்காரி, மண்டைக்குள் ஒன்றுமில்லை என்று கண்ட இடத்திலெல்லாம் திட்டினேன்.

இந்த வருடம் மறுபடி பயிற்சிக்கு அழைப்பு வந்தது. மூன்று மாத ஊசி அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. அந்த வாரம்தான் டொக்டர் சுலோஜனா புது ஊசி ஒன்றைப் பரீட்சிக்கப் பெண்களைத் தேடி எங்கள் கிளினிக்குக்கு வந்தார். ஆறு மாதத்துக்கு ஒன்று போதும், மருந்தும் குறைவாம். தனுஜா முதல் ஆளாக வந்து நின்றாள்.

"மாத்திரையை ஒழுங்காப் போடாத ஆக்களைச் சேர்க்கேலாது, பிள்ளை," என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர், நான் எழுதி வைத்திருந்த அவள் கார்டைப் பார்த்து. "எத்தினை நாள் மறந்தனீர்?"

"ஒரு நாளும் மறக்கலங்க டொக்டர்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் இடுப்பிலிருந்த இரண்டாவது பிள்ளை கிஷாந்தனைக் காட்டினேன். "அப்ப இவன் வானத்துல இருந்து குதிச்சானா?"

"மிஸ்ஸி சொன்ன மாதிரியேதாங்க போட்டேன். தெனம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப ஒன்னு."

"ஞாயிற்றுக்கிழமை?" என்றார் டொக்டர்.

"ஞாயித்துக்கெழமை பெரட்டு இல்லீங்களே. பௌர்ணமி போயா லீவுக்கும் இல்ல."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பெரட்டுக்குப் போகும்போது போடு, மறக்காது என்று சொன்னது இந்த வாய்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு வருடமாக எத்தனை பேச்சு பேசியிருக்கிறேன்!

"டொக்டர், பிழை என்னோடது. அதையும் எழுதிக்கங்க," என்றேன். "சொன்னதச் சொன்னபடி செய்ய இவளை விட்டா இந்தத் தோட்டத்துல ஆள் இல்ல. இவளச் சேத்துக்கங்க."

டொக்டர் சிரித்துக்கொண்டே படிவத்தில் தனுஜாவின் பெயரை எழுதினார். "ஆறு மாசத்துக்கு ஒருக்கா. என்னெண்டு ஞாபகம் வச்சிருப்பீர்?"

தனுஜா யோசிக்கவே இல்லை. "தைப்பொங்கல் முடிஞ்சு ஒன்னு, ஆடிப் பூசை முடிஞ்சு ஒன்னுங்க."

பிறகு என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழமையா இருந்தாலும் வரணும்தானே, மிஸ்ஸி?"

"வரணும், தாயி," என்றேன்.