ஏழாம் நாள் தண்ணீர்

எங்கள் ஊரில், வாசல் தார்ப்பாதையில் ஏழு நாள் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அந்த வீட்டைப் பட்டா எழுதிக் கொடுத்துவிடுவார்கள். போன மாதம் பின்தெரு தனசிங்கின் வீடு அப்படித்தான் போனது. அவரும் பிள்ளைகளும் இப்போது கார் கொட்டகையில் இருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது.

எங்கள் வாசலில் தேங்கியது போன வியாழக்கிழமை மழை. இன்று ஏழாம் நாள். நான்கு மணிக்கு வருவாய் ஆய்வாளர் அளவுக்குச்சியோடு வருவார். ஒரு விரல் ஆழம் இருந்தால் போதும்.

ஆறு நாளும் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்தேன். தண்ணீர் கேட் வரை போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்துவிட்டது. நேற்றிலிருந்து சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மனைவி வடிவு ஜன்னலைச் சாத்தவில்லை.

"சாத்தினா பயந்துட்டோம்னு நினைச்சுக்கும்," என்றாள். ஆனால் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள்.

பதினோரு மணிக்குத்தான் தார் வேலை செய்யும் மாசிலாமணி கிடைத்தார். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பாதையின் சரிவைப் பார்த்தார்.

"வாட்டம் வீட்டுப் பக்கமா இருக்கு சார். தண்ணியக் குத்தம் சொல்ல முடியாது. நாமதான் உள்ள வான்னு பாதை போட்டு வச்சிருக்கோம்."

"இப்ப என்ன செய்யணும்?"

"ஓரமா வாய்க்கால் வெட்டித் தெருச் சாக்கடையில சேக்கணும். தண்ணி போன பிறகுதான் பள்ளத்துல தார் போட்டு வாட்டத்தத் திருப்ப முடியும். ஈரத்துல தார் பிடிக்காது."

இருவரும் மாறி மாறிக் கடப்பாரை போட்டோம். என் உள்ளங்கை தோலுரிந்தது. மூன்று மணிக்கு வாய்க்கால் சாக்கடையைத் தொட்டது. தண்ணீர் அசையவில்லை. மாசிலாமணி சாக்கடை வாயில் கைவிட்டு அழுகிய இலைகளையும் இறுகிப்போன சிமெண்ட் கட்டி ஒன்றையும் எடுத்தார். பாதித் தண்ணீர் போனது. மீதி நின்றுவிட்டது.

ஆய்வாளர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து குச்சியை நட்டார்.

"சரியா ஒரு விரல்," என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு ஆகட்டும். காத்திருக்கேன்."

வடிவு வெளியே வந்து தண்ணீரின் ஓரத்தில் குந்தினாள்.

"இங்க ரெண்டு ரூம்தான். எங்களுக்கே பத்தல," என்றாள் மெதுவாக. "மாடியும் இல்ல."

தண்ணீர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு வாய்க்காலில் இறங்கியது. நான்கு மணிக்கு ஆய்வாளர் மறுபடி குச்சியை நட்டார்.

"அரை விரல்." 'தேங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வடிவு உள்ளே போய்ச் சாக்குகளை அவிழ்த்தாள்.

மிச்ச ஈரத்தைத் துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டு, மாசிலாமணி சூடான தார்க்கலவையைக் கொட்டி இடித்தார். வாட்டம் தெருப் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் எதிரே தபால் நிலையம். வீடு இரண்டு தெரு இறங்கி வந்திருந்தது. மாசிலாமணி சைக்கிளில் வந்து, ரசமட்டத்தை வாசற்படியில் வைத்துப் பார்த்தார்.

"வாட்டம் ஒரு நூல் கூடிப் போச்சு சார்," என்றார்.

வடிவு பால்காரருக்கு போன் போட்டுப் புது விலாசத்தைச் சொன்னாள்.