நூரியின் பன்னிரண்டாம் மாதம்

குதிரை பதினொரு மாதத்தில் குட்டி போடும் என்று இத்ரூஸுக்குத் தெரியும். அவன் மனைவி றிஸ்மியாவுக்குத் தெரியும். ஏன், நாவுல ஊர்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும். சொல்லாமல் இத்ரூஸ் யாரை விட்டான்? சுற்றுலா விடுதியொன்றின் ஆண் குதிரையோடு தன் குதிரை நூரியைச் சேர்த்து இது பன்னிரண்டாம் மாதம். நூரிக்கு வயது பதினேழு. இதை விட்டால் அதன் வயிற்றில் குட்டி கிடையாது என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.

சேர்த்த பிறகு நூரி மறுபடி பருவத்துக்கு வரவில்லை, வயிறும் நன்றாக இறங்கியிருந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிற இத்ரூஸ், விற்காத கெரட்டையும் சோளத்தையும் கனிந்த வாழைப்பழத்தையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டினான். றிஸ்மியா தவிட்டில் கித்துள் கருப்பட்டியைப் பிசைந்து வைத்தாள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வாளியில் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வருவதுபோலத் தட்டோடு வந்து ஊட்டிவிட்டுப் போனார்கள். நூரிக்குக் கழுத்து தடித்து, முதுகில் மழைத்தண்ணீர் தேங்குமளவு சதை போட்டது. அது காலைத் தாங்கித் தாங்கி வைத்ததைக்கூட நிறைமாதப் பாரம் என்றே எல்லாரும் சொன்னார்கள். பைத்தியக்கார ஊர்.

நாள் கடந்தும் குட்டி வராததால் மாத்தளையிலிருந்து வரவழைத்த மிருக வைத்தியர் தயாபரன் ஸ்கேன் கருவியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நானா, உள்ள ஒன்னும் இல்ல."

"திரும்பிப் படுத்திருக்கும் டொக்டர். நல்லாப் பாருங்க."

"ரெண்டு தரம் பாத்துட்டேன். கரு தங்கவே இல்ல. இது முழுக்கக் கொழுப்பு."

வைத்தியர் குனிந்து முன்னங்கால் குளம்புகளைத் தொட்டார். கொதித்தன. என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். இத்ரூஸ் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினான். அவர் முகத்தைப் பார்த்ததும் கஞ்சி வாளியோடு நிறுத்திக்கொண்டான்.

"இவ்வளவு இனிப்ப இந்த ஒடம்பு தாங்காதுங்க. கொழுப்பு ஏறி உள்ளுக்குள்ள எல்லாமே கொழம்பிருச்சு. பருவம் நின்னதும் அதனாலதான், சென பிடிச்சதால இல்ல. குளம்புக்குள்ள எலும்பப் பிடிச்சிருக்கிற சதையும் வீங்கிப் பிரிஞ்சிருக்கு. இது நிக்கிறதே நெருப்புல நிக்கிற மாதிரிதான்."

"மெலிய வச்சி இன்னொருக்கா சேர்த்தா?" என்று றிஸ்மியா கேட்டாள்.

"இந்தக் காலால இனி ஒரு குட்டியச் சுமக்க ஏலாதுங்க. மொதல்ல இது பொழைக்கணும். இன்னைல இருந்து தண்ணில ஊற வச்ச காஞ்ச புல்லு மட்டுந்தான், அதுவும் நான் சொல்ற அளவு. மத்ததெல்லாம் இப்பவே எடுத்துருங்க."

எத்தனை மாதமாகத் தன் கையாலேயே இதைச் செய்திருக்கிறோம் என்று இத்ரூஸ் எண்ணிப் பார்த்தான். தொட்டியை வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். நிரப்பிக் கொண்டுவரத்தான் போகிறான் என்று நினைத்து, அந்தக் கால்களோடு நூரியும் அவன் பின்னாலேயே நடந்தது.