தராசு எடை போட்ட இரண்டு நாவல்கள்

வாசகர் வட்டத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் எடை போட்டு, இவ்வளவுதான் தேறும் என்று சொல்லிவிடுவார். எழுதியவர் செத்துப்போயிருந்தால் எடை கூடும். உயிரோடு இருந்து, சொந்தக்காரராகவும் இருந்து தொலைத்தால் தட்டு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

தனக்குப் பாரபட்சமே கிடையாது என்று காட்ட ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார். எழுதியவர் பெயர் கண்ணில் படக்கூடாதாம். அதற்காக மனைவி ஒவ்வொரு புத்தகத்துக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பெயர் உள்ள முன்பக்கங்களைப் பின் அடித்து மூடித் தரவேண்டும். அட்டைமேல் மட்டும் பழைய புத்தகமா, புதியதா என்று எழுதிவிட வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓரமாக எட்டிப் பார்க்கிற வேலைதான், வேறென்ன?

இந்த மாதம் இரண்டு நாவல்கள். ஒன்று, அவர் முப்பது வருடமாக மேடைக்கு மேடை தலையில் தூக்கி வைத்து ஆடும் பெருநாவல். மற்றது கொழுந்தியாள் எழுதியது. இரண்டிலும் கடல் உண்டு, கப்பல் உண்டு, தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான். அவளுடைய முதல் புத்தகத்தை இவர் கிழித்துத் தொங்கவிட்ட நாளிலிருந்து அவள் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

"ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி. இந்தத் தடவையும் அசிங்கப்படுத்தினா அவ ஜென்மத்துக்கும் வரமாட்டா," என்றாள் மனைவி.

"இலக்கியத்துல சொந்தம் பந்தம் எல்லாம் பார்க்க முடியாது," என்றார் கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

அவள் அட்டை போடப் போனாள்.

கூட்டம் மருந்துக் கடை மாடியில் நடந்தது. மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் கொழுந்தியாள், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. தராசு முதலில் 'புதியது' என்றிருந்ததைக் கையில் எடுத்து வெளுத்து வாங்கினார். பாத்திரங்கள் மரக்கட்டைகள், நடை நொண்டுகிறது, மூன்றாவது அத்தியாயத்தில் தான் தூங்கியே போனதாகச் சொன்னார். சபை சிரித்தது. கொழுந்தியாள் மட்டும் ஏனோ குழம்பிப்போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு 'பழையது' என்றிருந்ததை எடுத்தார். துறைமுகத்தில் ஒருத்தி கணவன் வராத கப்பலிலிருந்து அவன் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடத்தைப் படித்தார். படிக்கும்போதே குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, பாவம், நிஜமாகவே அழுதார்.

"இப்படி எழுத இன்னைக்கு யாருக்குக் கை வரும்?" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கு வந்துச்சு, அத்தான்," என்றாள் கொழுந்தியாள்.

பின்னைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே அவள் பெயர்தான் இருந்தது. முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடுவாரா?

"வீட்டம்மா கவனமில்லாம மாத்தி எழுதிட்டா," என்றார் சபையைப் பார்த்து.

மனைவி எழுந்தாள். "கவனமாத்தான் மாத்தி எழுதினேன். முப்பது வருஷமா அந்தப் பெரிய நாவலைத் துடைச்சு வைக்கிறேன். அச்சடிச்சப்போ வெட்டாம விட்ட தாள்கூட அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அட்டை போடறப்போ நான்தான் கத்தியால பிரிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது. மேசைமேல் கிடந்த பெருநாவலை, சற்றுமுன் தானே காறித் துப்பிய அதை, பார்க்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நின்றார்.

கொழுந்தியாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "வா அக்கா, உன் வீட்டுக்குப் போகலாம். பசிக்குது."

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"மூணாவது அத்தியாயத்தைத் தாண்டிட்டா நல்லா இருக்கும், அத்தான். நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன்."