நிஜ அளவில் பிள்ளை

தான் எழுதிய மொபைல் ஆப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. வயிற்றுப் பிள்ளை இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதை நிஜ அளவிலேயே திரையில் வரைந்து காட்டும் ஆப் அது. அதை முதலில் போனில் ஏற்றிக்கொண்டது மாசமாக இருந்த அவன் மனைவி, அடுத்து அவன் அம்மா. வினைக்கு வேறென்ன வேண்டும்?

காலையில் மாமியாரும் மருமகளும் சாப்பாட்டு மேசையில் போன்களை அருகருகே வைத்தார்கள். அம்மாவின் போனில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. மனைவியின் போனில் அதே வாரத்துப் பிள்ளை நோஞ்சானாகக் கிடந்தது.

"ஒழுங்கா சாப்பிட்டாத்தானே!" என்றாள் அம்மா.

மனைவி விருட்டென்று எழுந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முந்தாநாள்தான் டாக்டர் ஸ்கேனில் அளந்து பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னார். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டவளிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

இரண்டு போனையும் வாங்கிக் குடைந்தான். குட்டு வெளிப்பட்டது. திரையின் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று ஆப் போனைக் கேட்கும்; போன் சொல்லும் எண்ணை வைத்துப் படம் வரையும். கண் தெரியவில்லை என்று அம்மா திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்திருந்தாள். நிறைய அடங்கட்டும் என்று மனைவி சிறிதாக்கி வைத்திருந்தாள். போன்களும் ஆளுக்குத் தகுந்தாற்போல் எண்ணைக் கூட்டியும் குறைத்தும் சொல்லியிருந்தன. இந்தப் புத்திசாலி கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறான்!

மதியத்துக்குள் வேறு வழி செய்தான். திரையில் ஒரு கட்டம் வரும். அதன்மேல் பேங்க் கார்டை வைத்து, கட்டம் கார்டின் அளவுக்கு வரும்வரை விரலால் இழுக்க வேண்டும். எந்த பேங்க் கார்டும் ஒரே அளவுதான் என்பதால் போனிடம் கேட்கவே வேண்டாம்.

கதவைத் தட்டினான். "பிள்ளை நல்லாத்தான் இருக்கு. என் ஆப்தான் அரைகுறை. நீயே வச்சுப் பாரு."

அவள் கார்டை வைத்து இழுத்தாள். பிள்ளை நீண்டது. நம்பாமல் ஸ்கேலை எடுத்து அளந்தாள். டாக்டர் சொன்ன அளவு அப்படியே இருந்தது.

"மக்கு," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்து. அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து அம்மாவிடம் போனான்.

"கார்டை வச்சா என் பேரப்பிள்ளை இளைச்சிடுமா?"

"கொஞ்சம் சின்னதாகும்மா. அதுதான் நிஜம்."

"உன் நிஜத்தை நீயே வச்சுக்கோ!" அம்மா போனை வெடுக்கென்று மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "நீ சும்மா இரு." மாமியாரின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அந்தக் குண்டுப் பிள்ளையைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள்ல இப்படி ஆயிடும்ல அத்தை?"

"பின்னே?" என்றாள் அம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "நீதான் நல்லா சாப்பிடுறியே."