ஐந்து நட்சத்திர வண்டி

ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் ஜெயபிரகாஷ், கார் வாங்கும் முன் மோதல் சோதனை வீடியோக்களாகவே பார்த்துத் தள்ளினார். கடைசியில் இரண்டு எஸ்.யூ.விகள் மிஞ்சின. ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம். மற்றதற்கு மூன்றுதான், ஆனால் அதில் கண்ணாடிக் கூரை இருந்தது. மனைவி சுகுணாவுக்கு அதுவே பிடித்தது.

"உசுர விடக் கண்ணாடி பெருசா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு ஐந்து நட்சத்திர வண்டியை எடுத்தார்.

அந்த இன்னொரு வண்டியைச் சுகுணாவின் தம்பி சந்தோஷ் வாங்கினான். அவன் வீட்டு விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், ஜெயபிரகாஷ் போனை நீட்டினார்.

"உன்ற வண்டிய மோத உட்டுருக்காங்க, பாரு மாப்ளே. பொம்மையோட நெஞ்சு நசுங்குது. இந்தத் தகர டப்பாவுலதான் புள்ளைகள ஏத்தறயா?"

சந்தோஷ் சிரித்துச் சமாளித்தான். அவன் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அடுத்த மாதம் நாகலூரில் ஒரு காதுகுத்து. பட்டுச்சேலையோடு முன்சீட்டில் உட்கார்ந்த சுகுணா, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை இழுத்தாள்.

"சேல கசங்கும், உடு. இங்கிருக்கற நாகலூருக்கு என்னத்துக்கு?"

"மணி அடிச்சுட்டே இருக்குமுங்களே?"

"அதுக்குத்தான் பெல்ட்டு மாட்டற எடத்துல கிளிப்பு வாங்கிச் சொருகியிருக்கேன். அடிக்காது."

தன் பெல்ட்டை மட்டும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

எஸ்டேட் வளைவில் காப்பித் தோட்டத்திலிருந்து காட்டெருமை ஒன்று ரோட்டில் இறங்கியது. பிரேக்கை மிதித்தார். வண்டி எதிலும் மோதாமல் நின்றது. சுகுணாவின் நெற்றி மட்டும் டேஷ்போர்டில் மோதியது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்த நர்ஸ் பிரிஸ்கில்லா, "பெல்ட் போட்டிருந்தீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"போட்டிருந்தேனுங்க. கழண்டுக்கிச்சு போல" என்றாள் சுகுணா, கணவன் முகத்தைப் பார்க்காமல்.

ஜெயபிரகாஷ் தரையைப் பார்த்தபடி நின்றார்.

சேதி கேட்டு சந்தோஷ் ஓடி வந்தான். அக்காவின் நெற்றிக் கட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங் மாமா, பெல்ட்டு கழண்டுருச்சாமா? ஏர்பேக்கும் வரலியா? அஞ்சு ஸ்டாருன்னுதான வாங்குனீங்க! கம்பெனிக்காரன சும்மா உடக்கூடாதுங்க. நானும் கூட வாரேன், நாளைக்கே ஷோரூமுக்குப் போலாம்."

அவன் குரலில் குத்தல் துளியும் இல்லை. அவருக்காகவே கோபப்பட்டான். ஜெயபிரகாஷுக்குக் காது மடல் சுட்டது.

"ஏதோ நடந்துபோச்சு, உடு சந்தோசு" என்றாள் சுகுணா.

"கம்பெனி மேல ஒண்ணும் தப்பில்ல மாப்ளே." என்றார் ஜெயபிரகாஷ். "உங்கக்கா மாட்டத்தான் போனா. நாந்தான் வேண்டாம்னேன். மணி அடிக்கக் கூடாதுன்னு கிளிப்பு சொருகி வெச்சதும் நாந்தான்."

மருந்து எடுத்துக்கொண்டிருந்த பிரிஸ்கில்லாவின் கை நின்றது. சந்தோஷ் அவரையே பார்த்தான். ஏதாவது திட்டினால் தேவலை என்று ஜெயபிரகாஷுக்கு இருந்தது. அவன் திட்டவில்லை.

"அக்காவ நான் கூட்டிட்டுப் போறேனுங்க" என்றான்.

சுகுணா வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தாள். ஜெயபிரகாஷ் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, அவர்கள் வண்டி புறப்படும்வரை வாசலைத் தாண்டாமல் நின்றார்.