ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம்

“அண்ணி, உங்க செல்லப்பிள்ளை மறுபடியும் காலை வாரிட்டான்!”

போனில் கத்தியவன் கொழுந்தன். மர வீடுகளுக்குச் சட்டம் கட்டும் தச்சன். செல்லப்பிள்ளை என்று அவன் சொன்னது, அலுவலகத்தில் அண்ணி வரைபடம் போடும் மென்பொருளை. தரைக்கட்டையின் முனை உத்தரத்தில் முட்டும் இடத்திலெல்லாம் அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் இரும்பு ஹேங்கர் வேண்டும். அந்த இடங்களை மென்பொருளே கண்டுபிடித்துப் படத்தில் குறிக்கும்படி அவள் இரண்டு வாரமாகப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்ன பண்ணிட்டான்?”

“மாடிப்படி ஓரத்துல ரெண்டு கட்டையைச் சேர்த்து ஆணியடிச்சு, முட்டுக் குடுத்து நிறுத்தியிருக்கேன். அகல ஹேங்கர் ஒண்ணு போதும். இவன் ஆளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு போட்டிருக்கான். நடுவுல எறும்புகூட நுழையாது, நான் தகட்டை எங்க நுழைக்கறது?”

எதிர் மேசையிலிருந்த பொறியாளர் காதிலும் அது விழுந்தது.

“போதும்மா இந்த ஆட்டோமேட்டிக் கூத்து. மூட்டை கட்டு. பன்னிரண்டு வீட்டுக்கும் கையாலயே வெச்சுடு.”

வீட்டுக்கு ஐம்பது அறுபது ஹேங்கர். கையால் வைத்தால் எங்கேயாவது ஒன்று விடுபடும். விடுபட்ட இடத்தில் என்றைக்காவது யாராவது கால் வைப்பார்கள்.

“மூணு மணி வரைக்கும் விடுங்க சார். அப்பவும் கோணினா நானே அணைச்சுடறேன்.”

“மூணுன்னா மூணு.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மென்பொருளுக்குத் தான் எழுதிய விதியைத் திறந்தாள். இரண்டு கட்டைகள் ஒட்டியிருந்தால் ஒன்றாக எடுத்துக்கொள், அகல ஹேங்கர் வை என்று சேர்த்தாள். ஓட்டினால், முன்பு காட்டிய அதே அறுபத்து நான்கு ஹேங்கர். இன்னொரு தரம் ஓட்டினாள். அறுபத்து நான்கேதான்.

“ஏண்டா, கண்ணு தெரியலையா? ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு!” என்று திரையை அதட்டிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

ஒட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் வெளிச்சம்.

அது அவள் கைவேலை. அச்சில் இரண்டு கோடுகளும் அப்பிக்கொண்டு கறுப்புப் பட்டையாக விழுகிறதே என்று, பல வருடமாக இரட்டைக் கட்டைகளை அவள் துளி தள்ளித்தான் வரைவாள். இத்தனை நாளில் ஒரு தச்சன் அதைக் கண்டதில்லை. இந்தச் செல்லப்பிள்ளை கண்டுவிட்டான்.

வாயை மூடிக்கொண்டு சரிசெய்திருக்கலாம்.

“சார், அவன் மேல தப்பில்லை. நான்தான் இடைவெளி விட்டு வரைஞ்சிருக்கேன். பன்னிரண்டு படத்துலயும்.”

“அத்தனையும் திருத்தணுமா?”

“படத்தைத் திருத்தினா அச்சு கெடும். விதியைத் திருத்தறேன். ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள நின்னா ஒட்டினதாவே வெச்சுக்கோடான்னு சொல்லிடறேன்.”

“மணி ரெண்டு பத்து.”

விதியை மாற்றி, முதல் வீட்டுக்கு ஓட்டினாள். ஐம்பத்திரண்டு ஒற்றை, ஆறு அகலம். ஐம்பத்தெட்டு. கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, எத்தனை முனைக்கு ஹேங்கர் வேணும்னு நடந்து எண்ணுங்க. இரட்டையை ஒண்ணா எண்ணணும். என் கணக்கைச் சொல்ல மாட்டேன்.”

“எனக்குப் பரீட்சையா அண்ணி?”

“எனக்கு.”

காலடிச் சத்தமும் முணுமுணுப்பும் வெகுநேரம் கேட்டன. பொறியாளர் கைக்கடிகாரத்தோடு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

“அம்பத்தேழு!”

“ஒண்ணு உதைக்குது. அணைச்சுடும்மா,” என்றார் பொறியாளர்.

அவள் மவுஸைத் தொடவில்லை.

“தம்பி, இப்ப எங்க நிக்கறீங்க?”

“மாடிப்படி ஓரத்துல. அந்த இரட்டைக் கட்டை முனையில.”

“கொஞ்சம் தள்ளி நின்னு, காலுக்குக் கீழ பாருங்க.”

போனில் கால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கி வந்தது.

“அண்ணி, இதை அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“எத்தனை?”

“அம்பத்தெட்டு.”

பொறியாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். “சரி, மத்த பதினொண்ணு?”

“ரெண்டாவது வீடு ஓடிட்டிருக்கு சார்,” என்றாள், திரும்பாமலே.