வளைவே இல்லாத தூரம்

"இருநூறு கிலோமீட்டர்தான் ராஜி. வானத்துல நேர்க்கோடு. வளைவே கிடையாது, உனக்கு வாந்தியும் வராது."

"ரோடு எங்கீங்க?"

தீபக் கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கினான். கனடாவின் வடகோடியில் இரண்டு புள்ளிகள். ஒன்றில் ராஜப்ரியாவுக்கு நர்ஸ் வேலை; இன்னொன்றில் அவனுக்குக் கடை மேனேஜர் வேலை. நடுவில் ஏரிகள் மட்டும் நீலமாகச் சிதறிக் கிடந்தன. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் இருவரும் கிளம்புகிறார்கள்.

"ரோடு இல்ல. சின்ன ஃப்ளைட்டு, வாரம் ஒருக்கா. முக்கால் மணி நேரம். ஊட்டியில இருந்து குன்னூர் போறாப்பல."

"பனிமூட்டம் இருந்தா?"

"நமக்கென்ன பனிமூட்டம் புதுசா?"

அவர்கள் உட்கார்ந்திருந்த இத்தலார் பஸ் அப்போது மேகத்துக்குள்தான் மலையேறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஹாரனை அழுத்திக்கொண்டே, வளைவை முகர்ந்து பார்ப்பவர் போல வண்டியைத் திருப்பினார்.

"பைலட் இப்படித் தலைய நீட்டுவாருங்களா?"

முன்சீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். தீபக்கும் சிரித்தான். பிறகு விமான நேரங்கள் இருந்த பக்கத்தைத் திறந்தான். எல்லா நேரத்துக்கும் கீழே 'வானிலை அனுமதித்தால்' என்று இருந்தது. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ராஜப்ரியா ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, எனக்கு வேலை கிடைச்ச ஊர்லயும் கடைக்கு ஆள் கேக்கறாங்க. மேனேஜர் இல்ல, சரக்கு அடுக்கற வேலைதான். நீங்க அங்கயே வந்துடறீங்களா?"